ஐந்தாம் இடம் யாருக்கு?

திருக்குறளின் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 51ஆம் அதிகாரம் ஆளை ஆராய்ந்து நம்புவதைக் கூறுகிறது. 52ஆம் அதிகாரம் அவ்வாறு நம்பப்பட்டவரிடம் ஏற்ற பணியை ஒப்படைப்பதைக் கூறுகிறது. இவ்விரண்டையும் நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். தேர்வுக்கு வரக்கூடிய வினாக்களையும் குறித்துத் தருகிறோம். எனினும் அவற்றின் கனத்தை நாம் உணர்ந்தது வகுப்பறையில் அன்று. நமக்குச் சற்றும் பழக்கமில்லாத ஓர் அயல்நாட்டு விளையாட்டைக் காண நேர்ந்தபோதுதான். இதைக் கேட்டு மாணவச் செல்வங்கள் நகைக்கக்கூடும். நகைத்தபின் தொடர்ந்து படிக்குமாறு வேண்டுகிறோம்.

2018ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் நம் தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மே மாத நடுவில் ரமலான் நோன்பு தொடங்கியது. அங்கே அப்பருவத்தில் இரவு எட்டு மணிக்குப் பின்னரே கதிரவன் மறைகிறான். நோன்பு பதினாறு மணி நேரத்துக்கும் மேலாக நீள்கிறது. நோன்பு திறக்கும் வேளையை எதிர்நோக்கி அமர்ந்திருக்கும் அந்த அந்திப் பொழுதுகளில், ஏழு மணிக்கு மேல் தொலைக்காட்சியில் பேஸ்பால் ஆட்டம் தொடங்கிவிடும். தங்கையின் கணவர் அவ்வாட்டத்தில் தோய்ந்தவர். தங்கை மகனோ பதினேழு வயதில் தன் பள்ளி அணியின் பந்தெறிவாளனாக விளங்கினான். இவ்விருவருமே நமக்கு ஆசான்கள் ஆயினர்.

ஆட்டமும் சுழற்சியும்

கிரிக்கெட்டில் ஆறு பந்துகளுக்கு ஒருமுறை பந்துவீச்சாளர் மாறுகிறார். பேஸ்பாலில் அவ்வாறில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் எறிவாளரே 60 அடி 6 அங்குலத் தொலைவில் நின்று, தளரும்வரை தொடர்ந்து எறிகிறார். இக்காலத்தில் ஓர் ஆட்டத்தில் அவர் எறிவது ஏறத்தாழ 90 முதல் 100 பந்துகள். ஒருமுறை அவரை மாற்றிவிட்டால், அன்றைய ஆட்டத்தில் அவர் மீண்டும் எறிய வர இயலாது. தோளும் முழங்கையும் அவ்வளவு கடுமையாக உழைப்பதால், அடுத்து எறிவதற்கு முன் அவருக்கு நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும்.

ஆனால் அணிக்கு ஓய்வில்லை. ஏறத்தாழ ஆறு மாதங்களில் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். எனவே ஐந்து பேரை முறைவைத்து ஒருவர் பின் ஒருவராக அனுப்புகின்றனர். இதுவே ‘சுழற்சி வரிசை’. 1970கள் வரை நால்வர் சுழற்சி பரவலாக இருந்தது. பின்னர் ஐவர் என்பது வழக்காயிற்று. அணியில் எறிவாளர் பதின்மூவர் வரை இருப்பர். எஞ்சியோர் இடையில் வந்து ஓரிரு இன்னிங்ஸ் எறியும் மாற்று எறிவாளர்கள். சுழற்சியில் இடம் பெறுவது பெருமை; ஊதியமும் பெரும்பாலும் அதற்கேற்ப மிகும்.

ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. முதல் இரண்டு மூன்று இடங்களில் ஐயமே எழுவதில்லை, அவை ஊரறிந்தவை. போராட்டம் எல்லாம் ஐந்தாம் இடத்திற்கே. முப்பத்தைந்து வயது மூத்தவரும், இருபத்திரண்டு வயது இளையவரும், காயத்திலிருந்து மீண்டு வந்தவரும் அந்த ஓரிடத்திற்காகக் காத்து நிற்பர். தகுதி என்பது யாது என்ற வினா அங்கே ஏட்டளவில் நிற்பதில்லை. ஒருவரின் பிழைப்பாக மாறிவிடுகிறது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

“வெற்றி எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள், மச்சான்” என்று தங்கையின் கணவர் முதல் நாளே எச்சரித்தார். அவ்வாண்டே அதற்குச் சான்று கண்முன் நடந்தது. நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம், 2018 பருவத்தில் பெற்றது 10 வெற்றி. அடைந்தது 9 தோல்வி. இடைநிலை ஆட்டக்காரர் என்றே இவ்வெண்கள் கூறும். ஆனால் எறிவாளர் ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டங்கள் கொடுத்தார் என்பதற்கு, தடுப்பாளர்களின் பிழையால் வந்தவற்றை நீக்கிக் கணக்கிடும் சராசரி ஒன்று உண்டு. அது டிகிராமுக்கு 1.70. தம் அணியினர் மட்டையால் அடித்து ஓட்டம் சேர்த்துத் தராததாலேயே அவர் வெற்றிகளை இழந்தார். அவ்வாண்டின் சிறந்த எறிவாளருக்கான சை யங் விருதை அவருக்கே வழங்கினர். 1987இல் ஹியூஸ்டன் அணியின் நோலன் ரயன், தம் நாற்பதாம் வயதில், 2.76 என்ற சராசரியுடன் தேசிய லீகிலேயே முதல்வராக நின்றார். அவர் கண்ட முடிவோ 8 வெற்றி, 16 தோல்வி!

சராசரியும் முழு உண்மையைச் சொல்வதில்லை. ஒரே எறிவாளரை மட்டையாளர் முதன்முறை எதிர்கொள்ளும்போது திணறுவர். மூன்றாம் முறை எதிர்கொள்ளும்போது அவர் கையைப் படித்துவிடுவர். ஆகவே நெடுநேரம் நின்று எறிய வேண்டியவருக்கு விரைபந்து, வளைபந்து என்னும் இரண்டு மட்டும் போதா. மூன்றாவதாக ஒரு வகையும் கைவசம் வேண்டும். இரண்டே வகையில் வல்லவர் மாற்று எறிவாளராக ஒளிர்வார், சுழற்சியில் தடுமாறுவார். அவர் தாழ்ந்தவர் என்பதன்று; அவர்க்குரிய பணி வேறு.

அட்லாண்டா அணியின் ஜான் சுமோல்ட்ஸ் இதற்கு நல்ல சான்று. 1996இல் 24 வெற்றி பெற்றுச் சை யங் விருது கொண்டவர். முழங்கை அறுவைக்குப் பின் 2001இல் ஆட்டத்தின் இறுதியைக் காக்கும் எறிவாளராக மாறினார். 2002இல் மட்டும் 55 ஆட்டங்களைக் காத்துத் தந்தார். 2005இல் மீண்டும் சுழற்சிக்கு வந்து 14 வெற்றி பெற்றார். இடம் மாறிற்று, மதிப்பு மாறவில்லை.

தகுதியோடு தொடர்பில்லாத கணக்கும் ஒன்று உண்டு. இளையவர் ஒருவரைச் சில ஆண்டுகள் வரை கீழ்நிலை அணிக்குத் தடையின்றி அனுப்பலாம். அக்காலம் கடந்த மூத்தவரை அனுப்ப வேண்டுமானால், பிற அணிகள் அவரைக் கவர்ந்துகொள்ள வாய்ப்புத் தந்த பின்னரே அனுப்ப இயலும். எனவே இருவரையும் இழக்க விரும்பாத அணி, நன்றாக எறிந்த இளையவரைக் கீழே அனுப்பிவிட்டு, சுமாராக எறிந்த மூத்தவருக்கு இடம் தருவதுண்டு. இதைக் கேட்டபோது, நிறுவனங்களில் பணியாற்றும் நமக்குப் பெரிய வியப்பு ஏற்படவில்லை.

பாஸ்டன், 1948

தேர்வு பிழைத்தால் என்னவாகும் என்பதற்கு அந்நாட்டார் இன்றும் சுட்டிக்காட்டும் கதை ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டு அமெரிக்கன் லீகில் பாஸ்டன் ரெட் சாக்ஸும் கிளீவ்லாந்து இந்தியன்ஸும் தலா 96 வெற்றிகளுடன் சமநிலையில் நின்றன. அக்டோபர் 4ஆம் நாள் பாஸ்டனில் ஒரே ஓர் ஆட்டத்தால் முடிவு காண வேண்டும். 15 வெற்றி பெற்றிருந்த இடக்கை இளைஞர் மெல் பார்னெல்தான் எறிவார் என்று அவர் உட்பட யாவரும் எண்ணியிருந்தனர். மேலாளர் ஜோ மெக்கார்த்தி தேர்ந்ததோ 36 வயது டென்னி கேல்ஹவுஸை. அவர் அவ்வாண்டில் பெற்றிருந்தது 8 வெற்றி. அப்பருவத்தில் கிளீவ்லாந்துக்கு எதிராக ஓர் ஆட்டத்தில் இடையில் வந்து அவர் அருமையாக எறிந்ததுண்டு. பாஸ்டன் திடலின் இடப்பக்கச் சுவர் மிக அருகில் இருப்பதால், இடக்கை எறிவாளருக்கு அது ஆகாது என்ற நம்பிக்கையும் நிலவியது.

நான்காம் இன்னிங்ஸில் கென் கெல்ட்னர் மூன்று ஓட்டங்கள் தரும் ஹோம் ரன் அடித்தார், கேல்ஹவுஸ் வெளியேறினார். மறுபுறம் ஜீன் பியர்டன் என்னும் இடக்கை எறிவாளர், ஒரே ஒரு நாள் ஓய்வுக்குப் பின் வந்து, அதே திடலில் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். 8-3 என்று கிளீவ்லாந்து வென்றது. கேல்ஹவுஸ் தாம் கேட்டுப் பெறாத ஓர் இடத்தின் பழியை வாழ்நாள் முழுதும் சுமந்தார்; அடுத்த ஆண்டு இரண்டே ஆட்டங்களுடன் அவருடைய பெருங்களப் பயணம் முடிவுற்றது. பார்னெலோ, ஆடை மாற்றும் அறையில் தாம் அமர்ந்திருந்தபோது மேலாளர் வந்து தோளில் கைவைத்து முடிவை மாற்றிவிட்டதாகக் கூறியதைப் பல்லாண்டுகள் கழித்தும் சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தேர்வில் எத்தனை பிழை இருப்பினும், மெக்கார்த்தி அதைத் தாமே நேரில் சென்று சொன்னார் என்பதை மட்டும் இங்கே குறித்து வைத்துக்கொள்வோம். பின்னர் அது தேவைப்படும்.

நோன்பு நாளும் இறுதி நாளும்

சேண்டி கோஃபாக்ஸின் வரலாற்றை நம் மருமகன்தான் கூறினான். நோன்பு வைத்திருந்த அப்பிள்ளைக்கு அவர்மேல் தனி ஈடுபாடு இருந்ததில் வியப்பில்லை. டாட்ஜர்ஸ் அணியில் 1955இல் பத்தொன்பது வயதில் சேர்ந்த கோஃபாக்ஸ், முதல் ஆறு பருவங்களில் 36 வெற்றியும் 40 தோல்வியும் கண்டார். வேகம் இருந்தது, குறி இல்லை. சுழற்சியில் அவர் இடம் உறுதியற்றே இருந்தது. 1961இல் குறி கைகூடிற்று. 18 வெற்றி பெற்றார். 1962 முதல் 1966 வரை ஐந்து ஆண்டுகளும் தேசிய லீகின் மிகச் சிறந்த சராசரி அவருடையதே. ஆறாண்டுத் தடுமாற்றத்தைக் கண்டு அணி அவரைக் கைவிட்டிருந்தால், பின்வந்த ஆறாண்டுப் புகழ் அவர்களுக்கு வாய்த்திராது.

1965 உலகத் தொடரின் முதல் ஆட்டம் அக்டோபர் 6ஆம் நாள் வந்தது. யூதர்கள் நோன்பிருந்து பாவமன்னிப்பு வேண்டும் யோம் கிப்பூர் நாள் அது. யூதரான கோஃபாக்ஸ் அன்று எறியவில்லை. அவ்வாண்டு 23 வெற்றி பெற்றிருந்த டான் டிரைஸ்டேல் எறிந்தார். மூன்றாம் இன்னிங்ஸிலேயே வெளியேறினார். மின்னசோட்டா 8-2 என வென்றது. மறுநாள் கோஃபாக்ஸும் தோற்றார். ஆனால் தொடர் ஏழாம் ஆட்டம் வரை நீண்டது. அக்டோபர் 14ஆம் நாள், மூன்று நாள் ஓய்வு பெற்ற டிரைஸ்டேலா, இரண்டே நாள் ஓய்வு பெற்ற கோஃபாக்ஸா என்று மேலாளர் வால்டர் ஆல்ஸ்டன் முடிவு செய்ய வேண்டியிருந்தது. முறைப்படி டிரைஸ்டேலுக்கே உரிய நாள். ஆல்ஸ்டன் கோஃபாக்ஸைத் தேர்ந்தார். தேவைப்பட்டால் வருவதற்கு டிரைஸ்டேலை ஆயத்தமாக வைத்திருந்தார். வளைபந்து கைகொடுக்காத நிலையில் பெரும்பாலும் விரைபந்தையே நம்பி எறிந்து, கோஃபாக்ஸ் 2-0 என்று ஆட்டத்தை முடித்தார்.

ஒருவர் தம் இறைவனுக்குரிய நாளை இறைவனுக்கே கொடுத்தார். அதற்காக அணி அவரை ஒதுக்கவில்லை. முறை உரியவர் தம் நாளை விட்டுக்கொடுத்தார். மாற்றாளாக ஆயத்தமாக நின்றார். இவ்விரண்டும் சேர்ந்தே அவ்வெற்றி.

காத்தலும் ஒரு கணக்கே

இடம் கொடுத்தவரிடமிருந்து அவர் நலன் கருதியே இடத்தைப் பறிக்கவும் நேர்கிறது. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், 2010இல் முழங்கை அறுவை செய்துகொண்டவர். 2012இல் மீண்டு வந்து 15 வெற்றி பெற்றார். அந்தக் கையைக் காக்க வேண்டுமெனக் கூறி, செப்டம்பர் தொடக்கத்தில் 159 இன்னிங்ஸ் அளவிலேயே நிர்வாகம் அவரை நிறுத்திவிட்டது. 98 வெற்றிகளுடன் முதலிடம் பெற்ற அவ்வணி, அவரின்றி இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்து முதல் தொடரிலேயே வீழ்ந்தது. ஏச்சும் பேச்சும் மிகுந்தன. ஏழாண்டுகள் கழித்து, 2019இல் அதே அணி உலகத் தொடரை வென்றபோது தொடரின் சிறந்த வீரர் அதே ஸ்ட்ராஸ்பர்க். முடிவு சரியே என்று அப்போது சொல்லத் தோன்றும். ஆனால் அதன்பின் காயங்களால் அவர் மூன்றாண்டுகளில் எட்டே ஆட்டங்கள் எறிந்து, 2024இல் ஓய்வு பெற்றார். 2012இல் நிறுத்தியது சரியா, பிழையா? இன்றுவரை வழக்கு முடியவில்லை. தேர்வு செய்பவருக்கு முழு நிச்சயம் என்றுமே கிட்டுவதில்லை என்பதே நாம் கற்றது.

அன்று மாலை

மே மாத இறுதியில் மருமகனின் பள்ளி அணி மாநிலப் போட்டிகளுக்கு ஆயத்தமாயிற்று. பருவம் முழுதும் தொடக்க எறிவாளர் மூவருள் ஒருவனாக இருந்தவன் அவன். ஒருநாள் மாலை, வண்டியிலிருந்து இறங்கியவன் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றான். தங்கை கேட்டபோது, “இனி நான் தொடக்கத்தில் எறியப்போவதில்லை, உம்மா. கடைசி இரண்டு இன்னிங்ஸுக்கு மட்டும்” என்றான்.

தங்கை கொதித்தெழுந்தாள். “பார்த்தீர்களா காக்கா? நோன்பு வைக்கிற பிள்ளை என்றுதான் ஒதுக்கிவிட்டார்கள். நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன்” என்றாள். நம் உள்ளமும் அவள் பக்கமே சாய்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மருமகன் பொறுமையாகக் கூறினான்: “இல்லை உம்மா. நோன்பினாலா என்று நானே பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டேன். அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, தம் ஏட்டைத் திறந்து காட்டினார். ஏப்ரல் மாதத்து ஆட்டங்களின் கணக்கு. அப்போது நோன்பே தொடங்கவில்லை. முதல் சுற்றில் என்னை யாருமே சரியாக அடிக்கவில்லை. மூன்றாம் சுற்றில் எல்லோரும் அடித்திருக்கிறார்கள். ‘நோன்பு உனக்கும் உன் இறைவனுக்கும் உள்ளது, என் கணக்கில் அது இல்லை. இன்னொரு வகைப் பந்து கற்றுக்கொண்டு வா. அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்றார். அவர் சொன்னது சரிதான், மாமா.”

கடைசிச் சொற்களை அவன் நம்மை நோக்கியே சொன்னான். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. தங்கை பள்ளிக்குச் செல்லவில்லை. அணி அடுத்த சுற்றிலேயே தோற்றது. அவனோ விடுமுறை நாள்களில் வீட்டுப் பின்புறத்தில் வலை கட்டி, புதிய பந்தொன்றைப் பழகிக்கொண்டிருந்தான்.

நம் பிழை

அன்றிரவு தராவீஹ் தொழுகைக்குப் பின் நமக்கு உறக்கம் வரவில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டிக்கு இருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. முந்தைய இரண்டு ஆண்டுகளும் பரிசு கொணர்ந்த இறுதியாண்டு மாணவர் ஒருவர் இருந்தார். குரல்வளம் மிக்கவர். ஆனால் அவ்வாண்டுத் தலைப்பு இலக்கிய ஆய்வு சார்ந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அதில் ஆழ்ந்து படித்திருந்தார். இளையவரைத் தேர்ந்தோம். பட்டியலைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்தோம். நம் கடமை அத்துடன் முடிந்ததாகக் கருதினோம்.

அம்மாணவர் தம் நண்பர்களுடன் நின்று, தம் பெயரில்லாத பட்டியலை எல்லோருக்கும் முன்னிலையில் படித்தார். அதன்பின் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாள் வரை அவர் நம் துறையின் படியேறவில்லை. இளையவர் இரண்டாம் பரிசு பெற்று வந்தார். நம் தேர்வு சரியென்றே எல்லோரும் கூறினர். நாமும் அதையே சொல்லிச் சொல்லி நம்மைத் தேற்றிக்கொண்டோம். தேர்வு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் பார்னெலின் தோளில் விழுந்த கையளவு மரியாதையைக்கூட நாம் அவருக்குத் தரவில்லை. அவரை அழைத்து, கதவைச் சாத்தி, காரணம் கூற நமக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. அவர் முகத்தைக் காண அஞ்சியே பலகையிடம் அவ்வேலையை ஒப்படைத்தோம்.

ஊர் திரும்பியதும் அவருடைய முகவரியைத் தேடிப் பெற்று மடல் எழுதினோம். காரணத்தைச் சொன்னோம், அன்றே சொல்லாததற்கு மன்னிப்பும் கேட்டோம். மறுமொழி வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் நமக்கில்லை.

இப்போது நம் துறையில் எப்போட்டிக்கும் பட்டியல் பலகைக்குச் செல்லுமுன், இடம் பெறாதவரை முதலில் அழைத்துப் பேசுகிறோம். சில வேளைகளில் அவர்கள் கூறும் மறுப்பைக் கேட்டு நம் முடிவை மாற்றிக்கொண்டதும் உண்டு. அந்த உரையாடல் எளிதாக இருப்பதில்லை. எளிதாக இருக்கவும் வேண்டியதில்லை.

அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் நிர்வாகக் குழுக்களின் உறுப்பினர்களாகவும் அமர்வீர்கள். பத்துப் பேர் விரும்பும் ஓர் இடத்தை ஒருவருக்குக் கொடுக்கும் நிலை உங்களுக்கும் வரும். இடம் என்பது கடந்த கால உழைப்புக்குத் தரும் கூலியன்று; நாளைய பணிக்காக நம் கையில் தரப்பட்ட அமானிதம். ஆகவே வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல், பணிக்கு ஏற்றவரைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்த பின், ஏற்கப்படாதவரின் கதவை நீங்களே சென்று தட்டுங்கள். மருமகன் காட்டிய அந்தப் பயிற்சியாளரின் ஏட்டைப் போல, திறந்து காட்டக்கூடிய காரணம் உங்கள் கையில் இருக்கட்டும். அப்படிக் காட்ட இயலாத காரணத்தால் ஒருவரை ஒதுக்க நேர்ந்தால், பட்டியலை மீண்டும் ஒருமுறை எழுதுங்கள்.